நாலு தட்டு பஜ்ஜி

பெண் பார்க்க வந்த ஐந்து பேரும் பஜ்ஜியைக் கடித்துவிட்டு, "பிரமாதம்" என்றார்கள். மாவு கரைத்த பூவிழிக்கு வாயெல்லாம் பல்.

அம்மா தட்டுகளை எடுத்துப்போய்ச் சமையலறைக் குப்பைத்தொட்டியில் கொட்டியதுதான் தாமதம், அது ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவித்தது.

"வீணான உணவு, நாலு தட்டு பஜ்ஜி. காரணம், உப்பு இரண்டு பங்கு."

எல்லா வீட்டுத் தொட்டியும் இப்படித்தான். வாயை அடைக்கச் சட்டத்தில் இடமில்லை.

"நீயும் உப்புப் போட்டியாடி?" என்று உள்ளிருந்து அம்மா அலறினாள்.

கூடத்தில் எல்லோரும் விட்டத்தைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும், "எனக்கு பிரஷர் இருக்கும்மா" என்று இழுத்தார்.

பூவிழி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஐந்தாவது தட்டு? மாப்பிள்ளை இளம்பரிதியின் மடியில் இருந்தது, துடைத்துவிட்டாற்போல.

"எப்படிங்க சாப்பிட்டீங்க?"

"எங்க வீட்டுத் தொட்டி பேரைச் சொல்லித் திட்டும்ங்க. எதையும் மிச்சம் வைக்காம பழகிருச்சு" என்றான், வறண்ட நாக்கைப் புரட்டிப் புரட்டி.

பூவிழி சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, எனக்குச் சம்மதம். முதல்ல அவருக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டா!"