ஏற்றத்தில் நின்ற டீசல் கார்

“டயர்ல ஒரு குறையும் இல்ல. கிளட்ச்தான் போயிருக்கும்” என்றார் எவால்ட் ஹேபெர்லே, மூன்றாவது தடவையாகக் காரைப் பின்னுக்கு எடுத்தபடி.

பக்கத்து இருக்கையில் அவர் மனைவி ரோஸ்விதா மடியில் பாட்டுத் தாளை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு மலை மேலிருக்கும் தேவாலயத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு ஆராதனை. பதினோரு வருடமாகப் பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்றவளுக்கு இன்றுதான் முதன்முதலாகத் தனிப்பாட்டு கொடுத்திருந்தார்கள்.

முந்தின இரவு பெய்த பனி சாலையை மூடியிருந்தது. கார் பாதி ஏற்றம் வரை முக்கி முனகி ஏறும். அப்புறம் முன்சக்கரங்கள் சும்மா சுழலும், வண்டி பக்கவாட்டில் வழுக்கிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

பக்கத்து வீட்டு சில்கே நேற்றே தன் காரில் கூட்டிப் போவதாகச் சொன்னாள். எவால்ட்தான் விடவில்லை. தீப்பெட்டி மாதிரி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு மலை ஏறுகிறாளாம் என்று கேலி செய்தார். அதோடு நிற்காமல், அவளுடைய டயர் பள்ளத்தில் ஒரு யூரோ நாணயத்தைச் செருகி ஆழம் பார்த்து, தேய்மானத்தைப் பற்றி அரைமணி நேரம் வகுப்பெடுத்தார்.

எங்கள் ஊர் ஆண்களுக்கு, இதை எழுதுகிற என்னையும் சேர்த்துத்தான், கல்யாண நாள் மறந்தாலும் டயர் மாற்றும் நாள் மறக்காது. அக்டோபரில் பனியில் பிடிக்கும் குளிர்கால டயர், ஏப்ரல் வாக்கில் ஈஸ்டருக்குக் கோடை டயர். காரணம் கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும்.

எவால்ட் இதில் எங்களுக்கெல்லாம் ஒரு படி மேல். பதினேழு வருடத்து டீசல் காரில் வைப்பர் ரப்பரிலிருந்து பிரேக் பேட் வரை தேய்கிற சாமான் எதுவானாலும் தானே மாற்றுவார். பட்டறைக்காரர்கள் எல்லாரும் அவர் கணக்கில் அரைகுறைகள். இந்த வருடம் ஈஸ்டரை ஒட்டி இடுப்பு எலும்பு ஆபரேஷனாகி ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, கார் சாவி அவர் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. ரோஸ்விதா தினமும் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் பிறந்ததும் வழக்கம்போல ஜாக்கி போட்டு நான்கு சக்கரத்தையும் கழற்றினார். நிலவறையில் இருந்த நான்கையும் ஏற்றி மாட்டினார். கழற்றியதில் முன் இடது, பின் வலது என்று சாக்பீஸால் எழுதி அடுக்கினார். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து போல்ட்டுகளை மறுபடி இறுக்கினார். இவ்வளவு சுத்தமாக வேலை பார்க்க ஜில்லாவிலேயே ஆள் கிடையாது என்று தனக்குத்தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவரின் கார்தான் இப்போது நாலாவது தடவையாக வழுக்கி இறங்கியது. கிளட்ச் இல்லை, ஷாக் அப்சார்பர் என்றார். அதற்கப்புறம் குளிரில் டீசல் உறைந்துபோயிருக்கும் என்றார். நகராட்சி உப்புத் தூவவில்லை என்று திட்டினார். கடைசியில் ரோஸ்விதாவைக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காரச் சொன்னார், பாரம் சக்கரத்தின் மேல் விழுமாம்.

“எவால்ட், நான் இறங்கி நடந்துரட்டுமா?”

“இந்த ஹீல்ஸ்லயா? காலை ஒடிச்சுக்கப் போறே.”

சொல்லிவிட்டு அவள் மடியிலிருந்த பாட்டுத் தாளைப் பார்த்தார். மூன்று மாதமாக அவள் பாத்திரம் கழுவும்போதெல்லாம் இந்த ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். அதைக் கெடுக்கப்போவது தன்னுடைய வாய்தான் என்று நினைக்க அவமானமாக இருந்தது.

அப்போது பின்னால் அந்தத் தீப்பெட்டி வந்து நின்றது. சில்கே இறங்கி வந்து, நேரமாகிறது, என்னோடு வாருங்கள் என்று ரோஸ்விதாவைத் தன் காரில் ஏற்றினாள். பிறகு திரும்பி வந்து எவால்டின் முன்சக்கரத்தருகே குந்தி, கையுறையால் பனியைத் தள்ளிப் பார்த்தாள்.

“கிளட்ச், சில்கே. நான் வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பார்த்துக்கறேன்” என்றார் எவால்ட் அவசரமாக.

“கிளட்ச் நல்லாத்தான் இருக்கு, ஹேபெர்லே சார். நீங்க கோடை டயர்ல வந்திருக்கீங்க.”

எவால்டுக்குச் சிரிப்பு வந்தது. “யார்கிட்டம்மா சொல்றே? அக்டோபர்ல நானே என் கையால மாத்துனேன். ரோஸ்விதாதான் பக்கத்துல நின்னு போல்ட்டை எடுத்துக் கொடுத்தா.”

சில்கே டயரின் பக்கவாட்டைக் காட்டினாள். குளிர்கால டயரில் இருக்க வேண்டிய பனிப்பூ முத்திரை அங்கே இல்லை. எவால்ட் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்தார். நாலிலும் இல்லை. ராத்திரியில் யாரோ வந்து மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும், போலீசில் சொல்லலாமா என்று சில்கேயிடமே யோசனை கேட்டார்.

தீப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த ரோஸ்விதா ஏதோ கணக்குப் போட்டாள். அக்டோபரிலிருந்து பின்னோக்கி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள், அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஏப்ரலில் நின்றாள். மெதுவாகக் கண்ணாடியை இறக்கினாள்.

“மாத்துனது வாஸ்தவம்தான், எவால்ட். நீ கழட்டி வெச்சதுதான் குளிர்கால டயர்.”