மாரல் சயின்ஸில் முதல் மார்க்

“நம்பிக்கையே இல்லாம ஜெபம் பண்றது பச்சை ஏமாத்து வேலை” என்று நாகலக்ஷ்மி சொல்லி முடித்தபோது மேஜையைச் சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

டெக்சாஸில் ரவுண்ட் ராக் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டம் அது. இந்த மாதம் ஒரு புதிய அமெரிக்க நாவல். கடவுள் நம்பிக்கையை இழந்துவிட்ட பாதிரியார் ஒருவர், அதை யாரிடமும் சொல்லாமல், சாகக் கிடப்பவர்களின் கையைப் பிடித்து ஜெபம் செய்துகொண்டே காலம் தள்ளுகிறார்.

நாகலக்ஷ்மி அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாள். வட்டத்தில் அவள் ஒருத்திதான் இந்து. அதனால் என்ன, திருச்சி கான்வென்ட்டில் மாரல் சயின்ஸில் வருடா வருடம் அவள்தான் முதல் மார்க். அந்தப் பெருமையை டெக்சாஸ் வரைக்கும் சுமந்து வந்தவளுக்கு இன்றுதான் இறக்கி வைக்க இடம் கிடைத்தது.

அப்போது டோரத்தியின் போன் அடித்தது. வட்டத்திலேயே மூத்தவள், அதிகம் பேசாதவள். மருமகள்தான் பேசினாள். ஹைவேயில் விபத்து. மகனை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். டோரத்தியை அழைத்துப்போக வந்துகொண்டிருக்கிறாளாம்.

“யாராவது ஜெபம் பண்ணுங்களேன், ப்ளீஸ். எனக்கு வார்த்தையே வரல” என்றாள் டோரத்தி.

அதுவரை ஜெபத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள் மேஜையைப் பார்த்தார்கள். ஒருவர் சர்ச் பக்கம் போயே பல காலம் ஆயிற்று. இன்னொருவர் சற்றுமுன்தான் ஜெபம் என்பது ஒரு குறியீடு என்று விளக்கியிருந்தார். குறியீட்டை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வரவில்லை. கடைசியில் எல்லாக் கண்களும் மாரல் சயின்ஸ் பக்கம் திரும்பின.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

டோரத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாகலக்ஷ்மிக்குத் தெரிந்த ஒரே ஜெபம் கான்வென்ட்டின் காலை அசெம்ப்ளியில் சொன்னதுதான். கண்ணை மூடி ஆரம்பித்தாள். முதலில் பழைய வேகம், வெயிலில் நிற்கும் பிள்ளைகள் சீக்கிரம் வகுப்புக்கு ஓடப் பார்க்கும் வேகம். பாதியில் குரல் தானாகவே இறங்கியது. முகம் தெரியாத அந்தப் பையன் பிழைத்துவிட வேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்திச் சொன்னாள்.

ஆமென் சொன்ன கையோடு, பழக்கதோஷத்தில், “குட் மார்னிங், சிஸ்டர்” என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். வெளியே இருட்டிக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

“நீங்க கிறிஸ்டியன்னு எனக்குத் தெரியவே தெரியாது” என்றாள் டோரத்தி.

இல்லை என்று சொல்ல நாகலக்ஷ்மி வாயைத் திறந்தாள். பிடித்த பிடியை டோரத்தி விடவில்லை. நாகலக்ஷ்மி திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பாதிரியாரைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டோமோ என்று இருந்தது.

மருமகள் வந்து டோரத்தியை அழைத்துப்போன பிறகு, பார்க்கிங்கில் காரைக் கிளப்பும்போதுதான் நாகலக்ஷ்மிக்கு உறைத்தது. கான்வென்ட்டில் அந்த ஜெபத்தை அவள் ஒருநாளும் ஜெபமாகச் சொன்னதில்லை. உதடு மட்டும் அசையும். உள்ளுக்குள் வரிக்கு வரி பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

இன்று கேட்க மறந்தே போயிருந்தது.