யாருக்குச் சளி?

"வீட்ல யாருக்காவது சளி, இருமல் இருந்துச்சா?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்க வீட்லயா? சான்ஸே இல்ல டாக்டர்!" என்றாள் அவள், கேள்வி முடிவதற்குள்.

பின்னே? ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்து, ஒன்றரை மாதம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து வீடு வந்த குழந்தை. சுண்டுவிரல் தண்டிதானே இருக்கிறான் என்று யாரோ சொல்லப்போக, 'சுண்டு' என்பதே பெயராகிவிட்டது. அவனைத் தொட வேண்டுமானால் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். "ராஜாவைப் பார்க்கிறதுகூட சுலபம்" என்று கணவன் அலுத்துக்கொள்வான்.

அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த சுண்டு, வீடு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். வயிற்றுக்குப் பால் போக இன்னொரு குழாய். நேற்றுக் காலை பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பினான். சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு குழி விழ ஆரம்பித்துவிட்டது.

"எனக்கு இருந்துச்சு டாக்டர்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நாத்தனார். கணவனின் தங்கை. அதே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் நெரிசல் பஸ்ஸில் கடை வேலைக்குப் போய் வருபவள்.

"என்னது?" என்று திரும்பினாள் அவள்.

"நாலு நாளா லேசா மூக்கு ஒழுகிச்சு. நான்தான்... சொல்லல அண்ணி."

டாக்டர் யாரையும் குறை சொல்லவில்லை. நாத்தனாரின் மூக்கிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னார்.

"பெரியவங்களுக்கு இது சாதாரணச் சளிம்மா. குறைமாசக் குழந்தைக்கு நுரையீரல் இன்னும் முழுசாத் தேறியிருக்காது. இது வைரஸ், இதுக்குன்னு தனி மருந்து இல்ல. மூச்சுக்கும் பாலுக்கும் துணை கொடுத்துட்டுக் காத்திருக்கணும். அடுத்த ரெண்டு மூணு நாள்தான் முக்கியம்."

மருந்து இல்லை என்றதும் அவள் பயந்துபோனாள். அடுத்த நொடி அவ்வளவு பயமும் கோபமாகத் திரும்பியது.

"பாவி! கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடி! சளியை வச்சுக்கிட்டா என் புள்ளையத் தூக்கின?"

நாத்தனார் கையிலிருந்த புது மாஸ்க்கை நீட்டினாள். "இதைப் போட்டுக்குங்க அண்ணி."

"எனக்கெதுக்கு? முதல்ல உன் மூஞ்சில கட்டு!"

கத்திய கத்தலில் அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. ஒன்றல்ல, மூன்று.

"உங்களுக்கும் சளியாம்மா?" என்றார் தலைமை நர்ஸ்.

"சளியெல்லாம் இல்ல சிஸ்டர், அலர்ஜி. போன வாரம் பரணைச் சுத்தம் பண்ணேன், தூசி."

"அவளுக்கு எப்பவுமே அலர்ஜிதான்" என்று கணவனும் தலையாட்டினான்.

"என்னவா இருந்தாலும் சரி, உள்ள மாஸ்க் இல்லாம வரக்கூடாது." நர்ஸ் தன் கையாலேயே அவளுக்கு மாட்டிவிட்டார்.

இரண்டு நாள் நரகமாகப் போயிற்று. சுண்டுவுக்கு நிமிடத்துக்கு எழுபது மூச்சு. அவள் பாலைப் பிழிந்து பிழிந்து கொடுத்தாள், அது குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நாத்தனாரை வார்டு வாசற்படி மிதிக்க விடவில்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்தாள். நாத்தனாரோ எங்கும் போகாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை, மெஷின் அலறியது.

சுண்டுவின் நெஞ்சு அசையவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று... அவள் தன்னையறியாமல் எண்ணினாள். சுண்டுவின் உதடு நீலம் பாய்ந்தது. நர்ஸ் ஓடி வந்து பிஞ்சுப் பாதத்தைச் சுண்டினார். "மூச்சு விடுடா செல்லம், விடுடா!"

பதினேழில் நெஞ்சு ஏறியது. அதற்குள் அவள் பதினேழு தடவை செத்துப் பிழைத்துவிட்டாள்.

"குறைமாசக் குழந்தைங்க இந்தச் சளியில சில சமயம் மூச்சு விடவே மறந்துடும்மா. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்" என்றார் டாக்டர்.

மறந்துவிடுமா! மூச்சையா! எல்லாம் யாரால்? இன்றைக்கு நாத்தனாரை வீட்டை விட்டே துரத்தினால்தான் ஆறும். விடுவிடுவென்று மாடிப்படிக்கு நடந்தாள்.

திருப்பத்தில் தலைமை நர்ஸின் குரல் கேட்டது. நின்றாள்.

"உங்க டெஸ்ட்ல ஒண்ணுமே இல்லையேம்மா. அன்னிக்கு உங்க அண்ணி தும்மினப்பவே நினைச்சேன். அவங்களுக்கு இருக்கறது அலர்ஜி இல்ல, சளிதானே? நீங்க எதுக்கு வீண் பழியைத் தலையில போட்டுக்கிட்டீங்க?"

"சத்தமாப் பேசாதீங்க சிஸ்டர். அண்ணி வேணும்னு மறைக்கல, அலர்ஜின்னே நம்பிட்டாங்க. அவங்க மாஸ்க்கை மட்டும் கழட்டாமப் பார்த்துக்குங்க. தன்னாலதான்னு தெரிஞ்சா அங்கேயே ஒடிஞ்சு விழுந்துடுவாங்க. இப்போ என்னைத் திட்டற தெம்புலதான் நிமிர்ந்து நிக்கறாங்க... சுண்டு வீட்டுக்கு வர்ற வரைக்கும் திட்டிக்கிட்டே இருக்கட்டும்."