விமானி மாடல்

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காரை நிறுத்திவிட்டு, அண்ணன் கைக்கடிகாரம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறான். விமானிகள் கட்டுகிற மாடல்: கறுப்பு முகம், இருட்டிலும் ஒளிரும் கொட்டை எண்கள், பக்கவாட்டில் புடைத்த திருகு. ஏணியில் ஏறினாலே தலைசுற்றுகிறவன் அவன். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் கண்ணாடிக்குக் காட்டுகிறான். அவன் கழற்றிப் போட்ட பட்டைகளில் வியர்வை பிசுபிசுப்பதைப் பார்த்துத் தங்கை முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுடைய போன் அதிர்கிறது. அம்மா. "அப்பா கண்ணைத் திறந்துட்டார்டி. அண்ணனைத்தான் கேக்கறார்." போனைப் பிடுங்கி அண்ணன், "கிட்ட வந்துட்டோம்மா, சிக்னல்ல நிக்கறோம்" என்கிறான். அதே மூச்சில் கடைக்காரரிடம், "இதுல ஸ்டாப்வாட்ச் ஓடுமா?" என்று பொத்தானை அமுக்குகிறான். சிவப்பு முள் துள்ளிக் கிளம்புகிறது. "வாண்ணா, போகலாம்." "இரும்மா, ரெண்டே நிமிஷம்." பழுப்புப் பட்டையை முகர்கிறான், கறுப்பை முகர்கிறான், மறுபடி பழுப்பு. முள் சுற்றிச் சுற்றி வருகிறது. மறுபடியும் அம்மா அழைக்கிறாள். இந்த முறை பேச்சில்லை, அழுகை மட்டும். கடைக்காரர் பொத்தானை அமுக்கி முள்ளை நிறுத்துகிறார், சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறார், முகமெல்லாம் பெருமையாக அண்ணனிடம் நீட்டுகிறார். "பதினோரு நிமிஷம் சார். ஒரு செகண்டுகூடப் பிசகல."