ஒரே ஒரு கல்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஆடு அடைக்கும் பழைய கல்பட்டி ஒன்றைப் பூட்டி, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பலகை வைத்தார்கள். காவலுக்கு ஆளும் போட்டார்கள்.

பொழுது சாயும்போது ஒரு செம்மறி தன் குட்டியோடு ஓடி வந்தது.

"ஐயா, நரி துரத்துது. உள்ளே விடுங்க."

"பலகையைப் படிக்கலையா? ஆடு மாடு நுழையக் கூடாது" என்றது பட்டிச் சுவர்.

"எனக்குப் படிப்பு ஏது? உங்களைக் கட்டினதே எங்களுக்காகத்தானே?"

"அது அப்போ. இப்போ என் கல் ஒண்ணு விழுந்தாலும் காவல்காரர் தடியோட ஓடி வருவார், தெரியுமா?"

"ஒரே ஒரு கல்லுக்கா?"

"ஒரே ஒரு கல்லுக்கு!"

புதரை விலக்கி நரி வெளியே வந்தது. செம்மறி தன் குட்டியை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு, சுவரில் ஆடிக்கொண்டிருந்த கல்லை ஓங்கி முட்டியது.