ஞாயிற்றுக்கிழமை காய்ந்த விரிப்பு

காலை ஆராதனைக்குக் கிளம்பிய எங்கள் தெரு, பின்சந்தில் அப்படியே நின்றுவிட்டது.

எட்னா பில்லிங் வீட்டுக் கொடியில் ஒரு படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

"என் கண்ணு சரியாத்தான் இருக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு ஹில்டா.

"கர்த்தரே ஏழாம் நாள் ஓய்வெடுத்தாரு. எட்னாவுக்கு மட்டும் வேலை முடியலையாம். நட, மணியடிச்சாச்சு," என்றார் அவள் கணவர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தும் சர்க்கரை ரேஷனில் இருந்த காலம். இங்கிலாந்தின் லங்காஷயரில், எங்கள் பஞ்சாலை ஊரில் துவைப்பது திங்கட்கிழமை. அன்றைக்கு எல்லா வீட்டுத் துணியும் சந்து முழுக்கப் பறக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கைக்குட்டைகூடக் கொடி ஏறாது. பிள்ளைகள் நாங்கள் பந்தைத் தொடக் கூடாது. படக்கதைப் புத்தகம்கூட அலமாரிக்குள் போய்விடும்.

வேறு யாராவது துவைத்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். எட்னா, ஞாயிறு பள்ளியில் எங்களுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுப்பவள். புருஷனைப் போரில் பறிகொடுத்தவள். பிள்ளை இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெந்தெகொஸ்தே வார வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில், எங்கள் சபையின் பதாகைக்கு முன்னால் வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகளை நடத்திக்கொண்டு போவது அவள்தான். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் ஓட்டுகிறாள் என்று தெருவில் சொல்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது.

மத்தியானம் போதகர் வந்து கதவைத் தட்டியபோது கொடி காலியாக இருந்தது.

"மிஸஸ் பில்லிங், ஏதாவது காரணம் இருக்கும். சொல்லிட்டீங்கன்னா மத்ததை நான் பார்த்துக்கறேன். உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன், ஐயா."

"பின்னே?"

"வெயில் நல்லா அடிச்சுது."

"இதைப் போய் நான் சபைக் கமிட்டியில சொல்ல முடியுமா?"

"சொல்லுங்க. லங்காஷயர்ல வெயில் அடிச்சா அதுவே அதிசயம்தானே."

போதகர் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விளையாட்டு மைதானத்தில், கோலி ஆட்டத்துக்கு நடுவிலும் அதுதான் பேச்சு.

"ஞாயித்துக்கிழமை துவைச்சா நரகமாடா?"

"விரிப்புன்னா நரகம். தலையணை உறைன்னா மன்னிச்சு விட்டுருவாங்க."

எல்லாரும் சிரித்தோம். எங்கள் தெரு மேவிஸின் மகன் நெவில் மட்டும் பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டான். ஜெயித்த கோலியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கமிட்டியில் அவன் அம்மா மேவிஸின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

"நான் ஊர்லயே இல்லை. தங்கச்சிக்குப் பிரசவம்னு சனிக்கிழமை ஓல்டம் போயிட்டு, ஞாயித்துக்கிழமை சாயந்திரம்தான் திரும்பினேன். நெவில் அப்பாவுக்கு ஆலையில ராத்திரிக் காவல். தெய்வபயம் உள்ளவளாச்சேன்னு நம்பி பையனை எட்னாகிட்ட விட்டுட்டுப் போனா, புள்ளை கண்ணு முன்னாடியே துவைச்சுத் தொங்க விட்டிருக்கா."

"விடு மேவிஸ், ஒரு விரிப்புதானே," என்று ஹில்டாவே இறங்கி வந்தாள்.

"இன்னிக்கு விரிப்பு. நாளைக்கு உள்பாவாடை. அவ முன்னாடி நடந்தா என் புள்ளை ஊர்வலத்துக்கு வரமாட்டான். வேற எந்த அம்மா அனுப்புறான்னும் பார்க்கறேன்."

எட்னாவுக்குப் பதிலாக மேவிஸே முன்னால் நடப்பது என்று முடிவானது. ஞாயிறு பள்ளியையும் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

இதைச் சொல்லப் போதகர் மறுபடி போனார்.

"சின்னதுங்களால வேகமா நடக்க முடியாது, ஐயா. மேவிஸை மெதுவாப் போகச் சொல்லுங்க," என்று மட்டும் சொன்னாள் எட்னா.

வெள்ளிக்கிழமை. பித்தளை வாத்தியக் குழு முன்னால் வாசித்துக்கொண்டு போனது. பின்னால் மேவிஸ், புதுத் தொப்பியில். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள், அப்புறம் பெரிய பட்டுப் பதாகை. அதன் நாடா ஒன்றைப் பிடித்துக்கொண்டு நெவில்.

எங்கள் தெரு முனையில் ஊர்வலம் வழக்கம்போல ஒரு பாட்டுக்கு நின்றது. எதிரே நடைபாதையில், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோடு எட்னா. அவளைக் கைகாட்டி அழைக்கப் போன சின்னப் பெண் ஒருத்தியை மேவிஸ் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள்.

"யாரும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். நேராப் பாருங்க."

நெவில் நாடாவை விட்டுவிட்டான். சாலையைக் கடந்து போய் எட்னாவுக்குப் பக்கத்தில் நின்றான்.

"போடா கண்ணு, போய் நாடாவைப் பிடி," என்றாள் எட்னா தாழ்ந்த குரலில். "ஒண்ணும் பேசாதே. ஊர்வலம் முடியட்டும்."

அவன் நகரவில்லை.

பாட்டு முடிந்தது. வாத்தியக்காரர்கள் ஊதுகுழலை இறக்கினார்கள்.

"நெவில், இங்க வா," என்றாள் மேவிஸ். "ஊரே பார்க்குது. மானத்தை வாங்காதே."

நெவிலின் முகம் காது வரை சிவந்திருந்தது. எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"அம்மா, அது நம்ம வீட்டு விரிப்பு. நீ எனக்குக் குடுத்தனுப்பினது. ராத்திரி தூக்கத்துல நான் அதுல ஒண்ணுக்குப் போயிட்டேன். உனக்குத் தெரியக் கூடாது, நீ வர்றதுக்குள்ள காய்ஞ்சுடணும்னு எட்னா ஆன்ட்டிகிட்ட நான்தான் அழுதேன்."