இரண்டு கைக்கு இரண்டு உறை

"எறியற கை எதும்மா? வலதா, இடதா?" என்று வழக்கம்போல் கேட்டார் விளையாட்டுச் சாமான் கடைக்காரர் இசோகாவா.

"ரெண்டும்," என்றாள் தோமோயோ. அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகவே ஜப்பானின் குராஷிகி நகரக் கடைத்தெருவை மழையில் நடந்து கடந்தவள் போல நிமிர்ந்து நின்று சொன்னாள்.

இசோகாவா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பேஸ்பாலில் வலக்கையால் எறிபவர் பந்தைப் பிடிக்க இடக்கையில் உறை அணிவார். இடக்கையால் எறிபவர் வலக்கையில். ஒருவருடையது மற்றவருக்கு உதவாது. இரண்டும் என்று பதில் சொன்ன வாடிக்கையாளரை அவர் அதுவரை கண்டதில்லை.

"அப்படியா? பாத்துடுவோமே."

கடைக்குப் பின்னால் கூரை போட்டு வலை கட்டிய ஒரு சந்து இருந்தது. தோமோயோவின் பத்து வயது மகள் கனாதே அங்கே போய் நின்று வலக்கையால் எறிந்தாள். பந்து வலையின் நடுவில் விழுந்தது. இடக்கையால் எறிந்தாள். அதே இடம்.

"பிறவியிலேயே அப்படி," என்றாள் தோமோயோ. "ஞாயித்துக்கிழமை டீமுக்கு ஆள் எடுக்கறாங்க. பழைய கிளவுஸ் தையல் விட்டுப்போச்சு. இவளுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு காட்டுங்க."

இசோகாவா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, சிறுமியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது கை தானா எறியுது. இடது கொஞ்சம் யோசிச்சுட்டு எறியுது. இது பழக்கின கை. யாரு பாப்பா சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல மாமா. நானேதான்."

"எப்பலேருந்து?"

"ஏப்ரல்லேருந்து."

"பிறவியில இருந்தது ஏப்ரல்ல வெளிய வந்திருக்கு," என்றாள் தாய், சற்றும் தளராமல்.

"எதுக்குப் பழகின?"

கனாதே தன் காலணி நுனியைப் பார்த்தாள்.

இசோகாவா மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே ஆறு விரல் கொண்ட கையுறை. இரு ஓரத்திலும் பெருவிரல். எந்தக் கையிலும் மாட்டலாம். தோமோயோவின் முகம் மலர்ந்தது. கனாதே அதை மாட்டிப் பார்த்தாள், கை மாற்றியும் பார்த்தாள், மரியாதையாகப் பெட்டியிலேயே திரும்ப வைத்தாள்.

"இது வேண்டாம்மா. அதோ அந்தச் சாதா கிளவுஸ் போதும். வலதுக்கு ஒண்ணு, இடதுக்கு ஒண்ணு."

"ஏண்டி, ரெண்டு கைக்கும் சேத்து ஒண்ணு செஞ்சு வெச்சிருக்காங்க, உனக்கு ரெண்டு கேக்குதா?"

"இதோட விலைக்கு அந்த ரெண்டும் வந்துடும்."

"எங்கிட்டயே வியாபாரம் பேசறியா? பந்து போடற மேட்டுல நின்னுகிட்டு, ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் கிளவுஸ் மாத்திட்டு வருவியா? அத்தனை பேரும் சிரிப்பாங்க."

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் போகல. ரெண்டு கிளவுஸ் போதும்."

தோமோயோ திகைத்தாள். இரண்டு கையாலும் எறியும் மகளைப் பற்றி அடுக்குமாடியில் அவள் சொல்லிவைக்காத வீடே இல்லை.

"பாத்தீங்களா இசோகாவா சான், இந்த வயசுல எவ்வளவு பேராசை!"

"கொஞ்சம் பொறுங்கம்மா. எனக்கும் மண்டை குடையுது," என்றவர், இரண்டு சாதாரண உறைகளை எடுத்து வைத்தார். உள்ளேயிருந்து ஆவி பறக்கும் வெந்நீர்ச் சட்டியும் வந்தது. புதிய உறையை அதில் நனைத்து, பிசைந்து, வாங்குபவரின் கைக்கு ஏற்றபடி வளைத்துக் கொடுப்பது அவருடைய வழக்கம். அதன்பின் அந்த உறை வேறொருவர் கையில் சரியாக உட்காராது.

"இந்த ரெண்டுன்னே வெச்சுப்போம். முதல்ல எந்தக் கைய நீட்டற?"

கனாதே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பிசைஞ்சு மட்டும் குடுங்க மாமா. என் கைக்குப் படிய வைக்காதீங்க. ரெண்டையுமே."

"நல்லாருக்கே! செருப்பு வாங்கிட்டு என் காலுக்கு வேண்டாம்னு சொல்ற மாதிரி. உன் கைக்கு இல்லாம வேற யார் கைக்கு?"

"எது என் கைக்குன்னு இன்னும் தெரியல மாமா." கனாதே தாயைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க வகுப்புல நாகின்னு ஒருத்தி ஏப்ரல்ல புதுசா சேந்தா. நாங்க விளையாடறப்ப வலைக்கு வெளியவே நிப்பா. அவகிட்ட கிளவுஸ் இல்ல."

தோமோயோவின் குரல் ஒரு படி இறங்கியது. "அவளுக்கு வேணும்னா அவளுக்கு ஒண்ணு வாங்குவோம். எந்தக் கைன்னு சொல்லு."

"அதாம்மா தெரியல. எழுதறது வலது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுல குச்சி பிடிக்கறது இடது. ரெண்டு கிளவுஸையும் பெஞ்சு மேல வெச்சுட்டு வந்துடுவேன். எது வேணுமோ அவ எடுத்துக்கட்டும். மிச்சத்த நான் மாட்டிப்பேன்."

வெந்நீரின் ஆவி இசோகாவாவின் கண்ணாடியை மறைத்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"மிச்சத்த மாட்டிக்கவா ரெண்டு மாசமா இடது கைய முறுக்கிட்டுக் கெடந்த?" என்றாள் தோமோயோ. "பைத்தியமே! எறியற கை எதுன்னு அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதாதா!"

"கேட்டா, தங்கிட்ட கிளவுஸ் இல்லன்னு அவ வாயாலயே சொல்ல வேண்டி வருமேம்மா."